காடி கேட்கப் போன வீடு

எனக்குச் சமையல் தெரியாது. வெந்நீர் போடத் தெரியும். அதுவும் லைட்டர் முதல் அழுத்தலிலேயே பற்றிக்கொண்டால்தான். இரண்டாவது தடவை அழுத்துகிற பொறுமை நமக்கு ஏது? அப்பேர்ப்பட்ட ஆளை நம்பித்தான் என் மனைவி தன் பானையை விட்டுவிட்டு வெளியூர் போனாள்.

எங்கள் வீட்டு அடுப்படி மூலையில், மணல் பரப்பிய ஒரு தாம்பாளத்தின்மேல் அந்த மண்பானை உட்கார்ந்திருக்கும். வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டியிருப்பாள். கம்பைக் குருணையாக உடைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, உருண்டை பிடித்து, பானைத் தண்ணீருக்குள் போட்டுவிடுவாள். மறுநாள் தண்ணீர் புளித்துவிடும். அந்தப் புளித்த தண்ணீருக்குத்தான் காடி என்று பெயர். உருண்டையை எடுத்துக் கரைத்து, மோர் கொஞ்சம் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ். உருண்டையைத் தொடாமல், மேலே தெளிந்து நிற்கும் காடியை மட்டும் ஒரு டம்ளர் மொண்டு, கல் உப்புப் போட்டுக் குடிப்பதும் உண்டு. பங்குனி வெயிலில் கடையிலிருந்து வந்து அதைக் குடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பானை ஒருநாளும் காலியானது கிடையாது. அடியில் நாலு விரல்கடை பழைய காடியை நிறுத்திக்கொண்டுதான் அடுத்த தண்ணீரை ஊற்றுவாள். புதுக் காடியைப் புளிக்கவைப்பது அந்தப் பழைய காடிதான். பாலுக்கு உறைமோர் எப்படியோ, அப்படி.

அந்தக் காடி அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்தது. பசுவந்தனையில் என் மாமியார் இறந்து, காரியமெல்லாம் முடிந்து நாங்கள் புறப்பட்ட அன்று, இவள் தம்பி நகைப்பெட்டியைத் திறந்து, ‘எது வேணும்னாலும் எடுத்துக்கோக்கா’ என்றான். இவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவின் பானையிலிருந்து ஒரு தூக்குவாளி காடியை மொண்டுகொண்டு வந்தாள். எனக்கு வந்ததே கோபம். ‘என்னட்டி இது, பஸ்ஸு பூரா நாறப்போவுது’ என்றேன். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னிடம் பேசவே இல்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் பானையின் துணியை அவிழ்த்ததும் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுப்பாள். ‘எங்கம்மா வாடை’ என்பாள். பிறகு மொண்டு கொடுப்பாள்.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டிவருவதாகத்தான் இருந்தோம். டாக்டரம்மா கர்ப்பிணி பயணம் செய்யவே கூடாது என்று சொல்லிவிட்டதால், இவள் அங்கே போகவேண்டியதாயிற்று. பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் தேறியபின் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. புறப்படுகிற அன்று பெட்டியெல்லாம் வாசலுக்குப் போனபிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

‘இந்தாங்க, இதுல வெளையாட்டு வேண்டாம். கம்பு டப்பாவுல இருக்கு. தெனம் கொஞ்சம் மொண்டு குடிச்சிட்டு, அண்டாத் தண்ணியத்தான் ஊத்தணும். அடியில இருக்கத மட்டும் காலி பண்ணிறாதீங்க. இது போச்சுன்னா எனக்கு எங்கம்மா இல்ல, பாத்துக்கோங்க.’

‘ஏட்டி, ஒரு பானையப் பாத்துக்கிடத் தெரியாதா எனக்கு? எத்தன வருசமாக் கட நடத்துதேன்!’

‘அதான் பயமா இருக்கு’ என்றாள்.

எனக்குத் தீவனக்கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள், எட்டயபுரம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள். வாய்ப்பேச்சுக்கு நான் குறைந்தவன் இல்லை. ஆனால் ஒருவரிடமும் ஒன்று கேட்டுப் போக மாட்டேன். அது என் பிறவிக் குணம். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய ஊரில் பிறந்து வளர்ந்திருக்கிறேன்; பீடி குடித்த காலத்தில்கூட ஒருவனிடம் ‘தீ இருக்கா’ என்று கேட்டது கிடையாது. வழி தெரியாவிட்டால் ஊரையே மூன்று சுற்றுச் சுற்றுவேனே தவிர, வண்டியை நிறுத்தி விசாரிக்க மாட்டேன். ‘உங்களுக்கு ஆண்டவன் வாயைக் கேக்குறதுக்குப் படைக்கல, ஏசுறதுக்குத்தான் படைச்சிருக்கான்’ என்பாள் இவள். அதிலும் உண்மை உண்டு.

எதிர்வீட்டோடு நடந்த சண்டை அப்படிப்பட்டதுதான். அந்த வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். வீட்டில் அந்தப் பெண் மட்டும். முன்பொரு கோடையில், தெருவுக்குத் தண்ணீர் வந்த அன்று எங்கள் குழாயில் வெறும் காற்றுத்தான் வந்தது. எதிரே மோட்டார் ஓடுகிற சத்தம். நான் நடுத்தெருவில் நின்று, ‘ஊர்த் தண்ணிய ஒருத்தரே உறிஞ்சினா மத்தவன்லாம் மனுசன் இல்லையா?’ என்று கத்தினேன். அவள் வாசலுக்கு வந்து, ‘அண்ணாச்சி, உங்க வீட்டுல மோட்டாரே கெடையாது? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க’ என்றாள். எங்கள் வீட்டிலும் மோட்டார் உண்டு. அன்றைக்கு அது ரிப்பேர், அவ்வளவுதான். தெருவே கேட்டுச் சிரித்தது. அதிலிருந்து நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. என் மனைவியோ ஒன்றும் நடக்காததுபோல அங்கே போவாள், வருவாள், கிண்ணம் மாறும், சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, பானைக்கு வருகிறேன். முதல் தடவை கம்பு காய்ச்சியபோது அடிபிடித்துவிட்டது. இரண்டாவது தடவை போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்து, வீடியோவில் மனைவியைப் பார்த்துக்கொண்டே காய்ச்சினேன். ‘கிண்டுங்க, கிண்டுங்க, கைய நிறுத்தாதீங்க’ என்று அவள் அங்கிருந்து கத்த, மகள் பின்னாலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘எம்மா, அப்பாவுக்கு வேர்க்குதத பாரு!’ வேர்க்காமல் என்ன செய்யும்? கூழ் கெட்டிப்படும்போது துடுப்பைச் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் உருண்டை பிடித்துப் போட்டு, மறுநாள் துணியை அவிழ்த்தபோது தண்ணீரின்மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி முட்டைவிட்டிருந்தது. காதைக் கொண்டுபோனால் கிசுகிசுவென்று ஒரு சத்தம். ஒரு டம்ளர் குடித்தேன். அதே புளிப்பு. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். கடைக்கு ஒரு தூக்குவாளி கொண்டுபோய், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஊற்றிக்கொடுத்தேன். ‘நானே போட்டதுய்யா’ என்றால் ஒருவரும் நம்பவில்லை.

அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் வந்து கெடுத்தது.

பெரிய குழாய் எங்கேயோ உடைந்து, ஊருக்கே வெகுநாளாகத் தண்ணீர் இல்லை. அண்டாவில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. ஒருநாள் காலையில் தெருவில் ‘தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு’ என்று சத்தம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வருகிற நாள் பண்டிகை மாதிரி. போர்த்தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழாயைத் திறந்தேன், கண்ணாடியாகக் கொட்டுகிறது. குடம், வாளி, அண்டா, டிரம் எல்லாம் நிரப்பினேன். நிரப்பிய சந்தோஷத்தில் பானையின் ஞாபகம் வந்தது. பாவம், இத்தனை நாள் அண்டாவின் அடித்தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறதே, இதற்கும் கொஞ்சம் நல்ல தண்ணீர் காட்டுவோம் என்று தோன்றியது. அடிக்காடியை நாலு விரல்கடை நிறுத்தி, குழாயிலிருந்து பிடித்த குடத்தை அப்படியே பானை நிறையக் கவிழ்த்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறத்தான் செய்தது. குழாய் உடைந்து சரிசெய்த பிறகு வரும் தண்ணீரில் அது தூக்கலாக இருக்கும். சுத்தமான தண்ணீர் என்பதற்கு அதுதானே அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

இவள் ஏன் எப்போதும் அண்டாவில் ஒருநாள் திறந்து கிடந்த தண்ணீரையே ஊற்றினாள் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வாடை போவதற்குத்தான். அவளுக்கு அது விளக்கிச் சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மறுநாள் பானையில் சத்தம் இல்லை. முட்டை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு ஒருநாள் துணியை அவிழ்த்ததும் குப்பென்று ஒரு நாற்றம்; புளிப்பு வாடை இல்லை, அழுகல். மேலே பாசிபோல ஒரு ஆடை. உருண்டையைத் தொட்டால் நூல் நூலாக வருகிறது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாசல் முற்றத்துக்குத் தூக்கிப் போய் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். கவிழ்த்தும் நாற்றம் போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை சோப்பைக் கரைத்து ஊற்றி, தேங்காய் நார் போட்டு, கை வலிக்கத் தேய்த்து, மூன்று குடம் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்துவைத்தேன். பானை புதுசு மாதிரி ஆகிவிட்டது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதுதான் உறைத்தது. ஐயய்யோ! அடிக்காடியையும் சேர்த்தல்லவா கொட்டிவிட்டேன்.

‘இது போச்சுன்னா எனக்கு எங்கம்மா இல்ல.’ அவள் சொன்னது காதிலேயே நின்றது. முற்றத்தில் அந்தச் சுத்தமான பானைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கும் போன் செய்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, பேத்தி, தாயும் பிள்ளையும் சுகம். அழுதுகொண்டே சொன்னாள், நானும் அழுதேன். கண்ணைத் துடைத்த கையோடு அவள் கேட்ட அடுத்த கேள்வி, ‘பான எப்பிடி இருக்கு?’ என்பதுதான்.

‘இருக்கு இருக்கு’ என்றேன்.

மறுநாளே கிளம்பினேன். எட்டயபுரம் ரோட்டில் கூழ்வண்டிக்காரர் ஒருவர் உண்டு. காசு கொடுத்து வாங்குவது கேட்பதில் சேராது என்பது என் கணக்கு. ஒரு தூக்குவாளி கூழ் வாங்கிவந்து பானையில் ஊற்றிக் கட்டினேன். விடிந்து பார்த்தால் மோர் வாடை. அவர் புளிப்புக்கு மோர்தான் ஊற்றுகிறார் போல. போதாததற்கு எலுமிச்சை சோப்பு வாடை வேறு. மண்பானை சோப்பைக் குடித்துவைத்திருந்து கொஞ்சங் கொஞ்சமாகக் கக்குகிறது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாள் முழுக்கச் சோப்பு ஏப்பம்.

பழைய பானை இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது. புதுப்பானை வாங்கி, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிப் பழக்கினேன். விளாத்திகுளம் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தபோது, விலை கொடுத்து நல்ல கம்பாக வாங்கினேன். ஒருநாள் திறந்துவைத்த தண்ணீரையே ஊற்றினேன். அதற்குள் புத்தி வந்துவிட்டது. பழைய காடி எதுவும் விடாமல் அதுவாகவே புளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். புளிக்கத்தான் செய்தது. முட்டைவிட்டது, சத்தமும் கேட்டது. கடையில் வேலைபார்க்கிறவருக்குக் கொடுத்தால், ‘நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு’ என்றார். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் குனிந்து மோந்தால் இட்லி மாவு வாடை. இத்தனை வருஷம் அந்தத் துணி அவிழும்போதெல்லாம் நானும் பக்கத்தில்தானே நின்றிருக்கிறேன். என் மாமியாருடைய காடியில் நெருப்பில் சுட்ட வெங்காயம்போல ஒரு வாடை லேசாக இருக்கும். அது இதில் இல்லை. என்னையே ஏமாற்ற முடியவில்லை, அவளை எங்கே ஏமாற்றுவது?

அப்புறம்தான் பசுவந்தனை ஞாபகம் வந்தது. காடி புறப்பட்டு வந்த வீடே அதுதானே! மைத்துனன் வீட்டுக்குப் போவதும் கேட்பதில் சேராது, உறவு முறை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பருத்தி எடுத்து முடிந்த காடு, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மைத்துனன் வீட்டில் இல்லை. அவன் மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

‘வாங்க அண்ணாச்சி! பேத்தி பொறந்திருக்காமே, மதினி சொன்னாவ. மிட்டாய் வாங்கிட்டு வந்தீங்களா?’

மிட்டாய் வாங்க மறந்துபோயிருந்தேன். அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்தேன். காபி குடித்தேன். ஊர்க்கதை பேசினேன். கடைசியில், ஏதோ போகிற போக்கில் ஞாபகம் வந்ததுபோல, ‘ஆமா, அத்தையோட காடிப்பான இப்பவும் ஓடுதோ?’ என்றேன்.

அவள் சிரித்தாள். ‘அத்த போன பெறவு யாரு அண்ணாச்சி குடிக்கா? உங்க மச்சினன் காலைல ஓட்ஸுல்லா குடிக்காவ! அத்த பானைய மொட்டமாடில வச்சுத் துளசி நட்டிருக்கேன், வாங்க பாக்கலாம்.’

மொட்டைமாடியில் என் மாமியாருடைய பானையிலிருந்து துளசி செழிப்பாக எழும்பி நின்றது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

‘என்ன அண்ணாச்சி, மதினி பான போயிட்டோ?’

‘போயிட்டும்மா.’

‘அதுக்கு ஏன் இங்கன வரைக்கும் வந்திய? மதினி காடி குடுக்காத வீடா உங்க தெருவுல? யார்ட்டயாவது கேளுங்க. ஆனா ஒண்ணு, நீங்களே ஏனத்தோட போயி, வாயத் தொறந்து கேட்டு வாங்கணும். ஆள் மூலமா வந்ததோ, கேக்காமக் குடுத்ததோ புளிக்காதுன்னு அத்த சொல்லுவாவ.’

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கிண்ணம்தான் என் கண்ணில் ஆடியது. தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போய்வந்த கிண்ணம். வேறு யாருக்கும் இவள் கொடுத்து நான் பார்த்ததில்லை. போயும் போயும் அங்கேயா?

வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தேன். துடைத்த வண்டியையே திரும்பவும் துடைத்தேன். வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ‘அவகிட்டப் போயி நிக்கதுக்கு நான் தூக்குல தொங்கலாம்’ என்று ஒரு மனசு. ‘எங்கம்மா வாடை’ என்று குனிகிறவளின் முகம் இன்னொரு பக்கம். வெயில் தாழ்ந்தபிறகுதான் கையில் கிடைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

அவள் அப்போதுதான் வாசல் மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்து, என் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். அது குளிக்கிற வாளி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

‘என்ன அண்ணாச்சி?’

‘அது... கொஞ்சம் காடி... இருந்தா...’ என்றேன்.

‘இருக்கு அண்ணாச்சி. ஆனா வெளக்கு வச்சாச்சே! வெளக்கு வச்ச பெறவு காடி, உப்பு, உறைமோர்லாம் வெளிய குடுக்க மாட்டோம்லா. காலைல வாங்க.’

என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்! வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் வாசலில் போய்க் கேட்டு, வெறும் வாளியோடு தெருவைக் கடந்து வந்தேன். வந்த கோபத்துக்கு வாளியை எறிந்திருப்பேன். ஆனால் விளக்கு வைத்தபின் கொடுக்கக்கூடாது என்பது என் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

காலையில் திரும்பவும் போனேன். இந்தத் தடவை சொம்பு எடுத்துக்கொண்டேன். ‘காடி வேணும்மா. எங்க வீட்டுப் பான செத்துப் போச்சு’ என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் உள்ளே கூட்டிப்போனாள். அடுப்படி மூலையில், மணல் பரப்பிய தாம்பாளத்தில் ஒரு மண்பானை. வேட்டித் துணியை அவிழ்த்தாள். சுட்ட வெங்காய வாடை என் முகத்தில் வந்து மோதியது. அந்த வாடையை நான் இவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

‘அக்கா ஊருக்குப் போற அன்னைக்குக் காலைலயே ஒரு வாளி கொண்டாந்து குடுத்துட்டுத்தான் போனாவ’ என்றாள் சொம்பில் மொண்டுகொண்டே. ‘எங்க வீட்டு ஆளு எப்பிடியும் கொன்னுருவாரு, பத்திரமா வச்சிருன்னாவ.’

‘அப்பிடியா சொன்னா?’

‘இன்னும் சொன்னாவ. அவரா வந்து கேட்டா மட்டும் குடு, நீயாக் கொண்டுபோயிக் குடுத்திராதன்னு. நீங்க முத்தத்துல பானையப் போட்டுத் தேய்க்கதை இங்கன நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன் அண்ணாச்சி. அத வெயில்ல கவுத்திட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டியளா, எனக்கு மனசே கேக்கல. ஓடிவந்து குடுத்துறலாம்னு இருந்துச்சு. என்ன செய்ய? அக்கா தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ.’

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சிரிப்பு. நான் பட்ட பாடெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ‘வாரேன் தங்கச்சி’ என்று சொல்லிவிட்டுச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். தங்கச்சி என்பது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

புதுப்பானையில் ஊற்றி, காய்ச்சிய உருண்டையைப் போட்டு, அண்டாத் தண்ணீர் விட்டுக் கட்டினேன். மறுநாள் துணியை அவிழ்த்துக் குனிந்தேன். இருந்தது. வாசனை ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். அடுப்படியில் தனியாக நின்று அழுதேன் என்பதுதான் உண்மை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டுத் தங்கச்சிதான் ஆலாத்தி சுற்றினாள். பேத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, என் மனைவி கால் கழுவிய ஈரத்தோடு நேரே அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

‘இது எந்தப் பான?’

‘புதுப்பான.’

‘பழசு?’

‘சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.’

‘அட கடவுளே’ என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு துணியை அவிழ்த்துக் குனிந்தாள். மூச்சை இழுத்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

‘எங்கம்மா வாடைதான்’ என்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ‘கேட்டீங்களா?’

‘கேட்டேன்.’

‘நீங்களேவா போயிக் கேட்டீங்க?’

‘நானேதான். மொத தடவ வெளக்கு வச்சாச்சுன்னு தொரத்திட்டா. மறுநாளும் போயிக் கேட்டேன்.’

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘என்னட்டி சிரிப்பு? உங்கம்மாவக் கொன்னுட்டமேன்னு நான் வெயில்ல பசுவந்தன வரைக்கும் அலஞ்சேன். எதிர்வீட்டுல குடுத்து வச்சிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன? காடி அடியோட போயிருந்தா?’

‘காடிக்கு என்ன வந்துச்சு? எங்கம்மா வாடைய நான் ஒரு வீட்டுல மட்டுமா வச்சிருப்பேன்?’ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ‘எனக்குப் பயம் பானையப் பத்தி இல்ல. உங்களப் பத்தித்தான். நாளைக்கு உங்களுக்கு முன்னால எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணி யார்ட்டயும் கேக்க மாட்டீங்களே. வறண்டு செத்தாலும் கேக்க மாட்டீங்களே. அத நெனச்சா எனக்கு ஒறக்கமே வரதில்ல.’

பேத்தி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு டம்ளர் காடியை மொண்டு, உப்புப் போட்டுக் கலக்கி, பிள்ளை விழித்துவிடாதபடி என் மற்றக் கையில் கொடுத்தாள். குடித்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் புறப்பட்டவன், செருப்பு மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எதிர்வீட்டுத் தங்கச்சி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

‘தங்கச்சி, கொஞ்சம் கருவேப்பிலை குடேன்.’

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டைப் பார்த்தாள். எங்கள் கருவேப்பிலை மரம் மதிலுக்கு மேலே தெருவில் வந்து தொங்கும். அதன் கீழே என் மனைவி பேத்தியை வைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருப்பாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியில் நின்ற சின்னச் செடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து என் கையில் கொடுத்தாள்.